நான் வாழ்த்தியதால் காணாமல் போன பிள்ளைகள்

பிள்ளைகளே, எனக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிற தொழில். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் ஆம்ப்ளிஃபயரையும் பாக்ஸையும் ஹாரனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். ஹாரன் என்றால் திருவிழாவுக்கு மரத்தில் கட்டுவார்களே, அந்தப் பெரிய கூம்பு. என் படிப்பு பத்தாவது வரைக்கும். அதற்கு மேல் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்துகொள்ள வேண்டாம் என்று கணக்குப் பாடமும் நானும் முடிவு செய்துவிட்டோம். அதனால் இதில் எழுத்துப் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டாதீர்கள். நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்ற வருகிற கூட்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் கை நழுவிப் போகிற குழந்தைகளையும் வயசானவர்களையும் கூப்பிட்டுச் சேர்த்து வைக்க, கிரிவலப் பாதையோரம் ஒரு பந்தல் போடுவார்கள். அந்தப் பந்தலில் மைக் என் கையில்தான் இருக்கும். காணாமல் போனவரின் பெயர், வயசு, என்ன கலர் சட்டை, எந்த ஊர், "எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்புப் பந்தலுக்கு வரவும்", அப்புறம் "மீண்டும் அறிவிக்கிறோம்". இப்படி மூன்று முறை சொல்ல வேண்டும். முதல் முறை சொல்லும்போது யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பார்கள். மூன்றாம் முறைதான் நெஞ்சில் கை வைப்பார்கள். இது என் அனுபவம்.

பாதையோரம் மோர் விற்கிற அக்கா ஒருத்தி ஒருநாள் என்னிடம், "உன் கொரலக் கேட்டாலே வவுறு கலங்குதுய்யா" என்றாள். அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சோறு போட்டாள்.

இப்படிப்பட்ட குரல்வளம் உள்ளவனின் மகள் நாலாம் வகுப்பு படிக்கிற பள்ளிக்கூடத்தில் வானொலி ஆரம்பிக்கிறார்கள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அது அவளுடைய டீச்சரின் யோசனை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே பேசி, ஒரு சின்ன நிகழ்ச்சி. பீரோ இருக்கிற அறையில் ஒரு மைக். ஐந்து வகுப்பிலும் சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பாக்ஸ். செய்தி, விடுகதை, பிறந்த நாள் வாழ்த்து என்று எல்லாம் வரும். வாய் திறக்காத பிள்ளைகள்கூட மைக் முன்னால் பேசும், அடுத்தவன் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற பழக்கமும் வரும் என்று டீச்சர் சொன்னாராம்.

தலைமை ஆசிரியருக்கு இதில் அவ்வளவு இஷ்டமில்லை. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். அவர் எல்லோர் முன்னாலும் ஒன்று சொல்லிவிட்டார்.

"ஒரு வெள்ளிக்கிழமை வச்சுப் பாக்கலாம். ஒழுங்கா நடந்தா அடுத்த வாரமும் நடக்கும். ஸ்கூல் சந்தைக்கடை ஆச்சுன்னா, மைக்கைப் பீரோவுல வச்சுப் பூட்டிடுவேன். அப்புறம் யாரும் வந்து கெஞ்சக் கூடாது."

ஆக, முதல் வெள்ளி சரியாகப் போனால்தான் இரண்டாவது வெள்ளி. என் மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி கொடுத்திருந்தார்கள். 'இது என்ன சத்தம்?' என்று பெயர். அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ச் சத்தங்களைப் பதிவு செய்துகொண்டு வருவாள். அதைப் போட்டுக் காட்டினால் வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அது என்ன சத்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்கு இது பிடிபடவில்லை.

"இதெல்லாம் ஒரு நிகழ்ச்சியாம்மா? தண்ணி சொட்டுற சத்தத்தை எவன் கேப்பான்? ரெண்டு பாட்டுப் போடு. நடுவுல அப்பா கணீர்னு பேசறேன்."

"அப்பா, இது எங்க ரேடியோ."

"உங்களுதுதான். யாரு இல்லன்னா? சவுண்ட் மட்டும் அப்பாவுது."

"சவுண்டு கம்மியாதான் இருக்கணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

கம்மியான சவுண்டு! மைக் செட்காரன் வீட்டில் பிறந்த பிள்ளை பேசுகிற பேச்சா இது?

பள்ளிக்கூடத்தில் பாக்ஸ் வாங்கப் பணம் இல்லாததால், முதல் வாரத்துக்கு என்னுடைய பாக்ஸ்களைக் கேட்டிருந்தார்கள். நான் வாடகை வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். வண்டியிலிருந்து ஹாரனை இறக்கும்போது டீச்சர் பார்த்துவிட்டார்.

"சார், அது வேணாங்க. சின்ன பாக்ஸே போதும்."

"சும்மா ஸ்பேருக்குங்க டீச்சர். லைன் குடுக்கமாட்டேன்."

சொல்லிவிட்டு அதை மொட்டை மாடியில் கொண்டுபோய்த் தெருவைப் பார்க்கக் கட்டினேன். கூம்பு உள்பக்கம் பார்த்தால் காது அடைத்துவிடும், அதனால்தான் தெருவைப் பார்க்க வைக்கிறேன் என்று எனக்கு நானே விளக்கமும் கொடுத்துக்கொண்டேன். லைனையும் ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் இழுத்து வைத்தேன். சொருகவில்லை. சொருகாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமியாகவும் அமைந்துவிட்டது. வெயில் இறங்கின பிறகுதான் கூட்டம் நெரியும், பந்தலில் என் வேலையும் அப்போதுதான் என்றாலும், மதியத்திலேயே ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் கிரிவலப் பாதை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் அன்றைக்குப் பாதையோரம்தான் இருப்பார்கள். எலுமிச்சம்பழம், கற்பூரம், மோர், பொம்மை என்று ஆளுக்கொரு கடை. என் மனைவியும் அவித்த மல்லாட்டைக் கூடையோடு அங்கேதான் இருந்தாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

மதியம் மணி அடித்தது. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைக்கின் முன்னால் நின்று "வணக்கம், இது நம்ம வகுப்பறை வானொலி" என்றாள். நாலாம் வகுப்பிலிருந்தும் ஐந்தாம் வகுப்பிலிருந்தும் கைதட்டல் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் மற்ற மூன்று வகுப்பிலிருந்தும் ஒரே கூச்சல்.

"கேக்கல! கேக்கல! டீச்சர், பொட்டி பேசமாட்டேங்குது!"

வெளியே ஓடிப் பார்த்தேன். ஜன்னல் மேல் சிலாப்பில் ஒரு குரங்கு உட்கார்ந்து என் வயரை இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. நான் ஓடி வருவதற்குள் அது வேலையை முடித்துவிட்டிருந்தது. விரட்டினேன். அது வயரின் மறுமுனையையும் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போய்விட்டது.

டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்கப் போயிருந்தார். கூச்சல் கூடிக்கொண்டே போனது. பெரிய டீச்சரின் அறைக் கதவு லேசாகத் திறந்தது. சந்தைக்கடை ஆகிவிட்டால் பீரோதான். பிள்ளைகளே, நான் அந்த வானொலியைக் காப்பாற்றத்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன். போய் ஹாரன் லைனைச் சொருகினேன்.

என் மகள் பார்த்துவிட்டாள்.

"அப்பா! டீச்சர் வேணாம்னாங்க!"

"கொஞ்சமாத்தான் வச்சிருக்கேன்மா. கீழ இருக்கிற கிளாசுக்கு மட்டும் கேக்கும்."

என் தொழிலில் 'கொஞ்சம்' என்றால் அடுத்த தெரு வரைக்கும்.

பிறந்த நாள் வாழ்த்துப் படிக்க வேண்டிய பெண் மைக்கின் முன்னால் வந்து, "இந்த வாரம் பிறந்த நாள் கொண்டாடும்" என்று ஆரம்பித்தாள். அந்த வார்த்தைகள் மொட்டை மாடி வழியாகப் போய், எதிர்ப்பக்கக் கட்டிடத்தில் மோதி, இரண்டு மடங்காகத் திரும்பி வந்தன. அவள் தன் குரலைத் தானே கேட்டு மிரண்டு வாயை மூடிக்கொண்டாள். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை.

"நான் படிக்கிறேன்பா" என்றாள் என் மகள்.

"நீ உன் சத்தத்தை ரெடி பண்ணு. பேர் படிக்கிறது எனக்குக் கை வந்த வேலை" என்று சொல்லிவிட்டு, அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்றேன். அடுத்து முதல் பெண்ணின் பெயரைப் படித்தேன். பெயரைப் படித்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் தானே நடக்க ஆரம்பித்துவிட்டது.

"மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுமி. வயது எட்டு. ரெட்டைச் சடை. நீல நிறப் பாவாடை அணிந்திருக்கிறார். எங்கிருந்தாலும்..."

அந்த இடத்தில் எனக்கே சுருக்கென்றது. நல்ல வேளையாகச் சமாளித்து, "மகிழ்ச்சியாக இருக்க வாழ்த்துகிறோம். மீண்டும் அறிவிக்கிறோம்" என்றேன். மூன்று முறை அறிவித்தேன். ஐந்து பிள்ளைகளுக்கும் அப்படியே அறிவித்தேன். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பாராட்டுவதற்குத்தான் இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் எவ்வளவு நன்றாகச் சமாளித்தாலும் பாதையில் இருக்கிற அம்மாக்களுக்கு அது காதில் ஏறுமா? பௌர்ணமி நாள். காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற அதே குரல். தன் பிள்ளையின் பெயர். அதற்கு மேல் "எங்கிருந்தாலும்" வரைக்கும் கேட்டால் போதாதா? மீதியைக் கேட்க எந்த அம்மா நிற்பாள்?

முதலில் வந்தது மோர் அக்கா. கையில் மோர் ஊற்றுகிற சொம்போடு கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எங்கய்யா எம் பொண்ணு? காலைல நாந்தானே சடை பின்னி அனுப்புனேன்! ஸ்கூலுக்குள்ள இருந்த புள்ள எப்டிய்யா தொலையும்?"

அவளுக்குப் பின்னால் எலுமிச்சம்பழக்காரி. அவளுக்குப் பின்னால் ஒரு ஆட்டோக்காரர். அவர் சவாரியை இறக்கிவிடக்கூட நேரமில்லாமல் வந்ததால், ஆட்டோவில் இருந்த வெளியூர்க் குடும்பமும் இறங்கி ஓடி வந்தது. அம்மாவின் அழுகைச் சத்தத்தைக் கேட்டதும், காணாமல் போன சிறுமி மூன்றாம் வகுப்பிலிருந்து ஓடி வந்து, "யம்மா, ஏம்மா அழுற? யாருமா தொலைஞ்சது?" என்று கேட்டு அவளும் அழ ஆரம்பித்தாள். உடனே மூன்றாம் வகுப்பு முழுதும் வெளியே வந்துவிட்டது.

இதற்கு நடுவே கிரிவலம் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள், கையில் குச்சி ஐஸோடு ஒரு வாண்டைத் தூக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்.

"சார், நீங்க சொன்ன கொழந்தை இதானா பாருங்க. ரெட்டைச் சடை, நீலப் பாவாடை, எல்லாம் கரெக்டா இருக்கு."

"நான் தொலையல! எங்க கடை எதிர்லதான் இருக்குது! என்னை எறக்கி வுடு!" என்று அந்த வாண்டு ஐஸாலேயே அவரை அடித்தது.

பெரிய டீச்சர் வெளியே வந்து படியில் நின்றார். முற்றத்தை ஒரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து பீரோச் சாவியை எடுத்தார்.

என் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வாரம் முழுக்கச் சேர்த்த சத்தம் எல்லாம் அதற்குள் இருந்தது. ஒன்றுகூட இன்னும் வெளியே வரவில்லை.

இதை எப்படியாவது சரி செய்ய வேண்டும் என்று எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. சரி செய்ய எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மறுபடியும் மைக்கைப் பிடித்தேன்.

"பொதுமக்கள் யாரும் பீதியடைய வேண்டாம்!"

அதுவரை பீதியடையாமல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்போதுதான் பீதியடைந்து வந்து சேர்ந்தார்கள். என் மனைவியும் மல்லாட்டை அளக்கிற ஆழாக்கோடு அவர்களில் ஒருத்தியாக வந்தாள்.

அப்போது என் கையிலிருந்து மைக் போய்விட்டது. மகள் பிடுங்கிவிட்டாள் என்று சொல்லலாம். ஆனால் பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். ஆம்ப்ளிஃபயரிடம் போய்ச் சவுண்டைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். அப்புறம் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"யாரும் தொலையலைங்க. எல்லாரும் கிளாஸ்லதான் இருந்தாங்க. அஞ்சு பேருக்குப் பொறந்த நாளு. அத எங்க அப்பா சொன்னாரு. அவருக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது."

மோர் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பொறந்த நாளா? அடப் பாவி மனுசா! எம் புள்ளைக்குப் பொறந்த நாளுன்னு எனக்கே மறந்துபோச்சேய்யா. அதுக்கு இப்டியா ஒப்பாரி வெப்பாங்க?"

மகள் பெரிய டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், எல்லாரும் வந்துட்டாங்க. என் சத்தத்த மட்டும் போட்டுக்கறேன். அப்புறம் பூட்டிக்குங்க."

பெரிய டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். போனை மைக்கிடம் வைத்தாள்.

சளக், சளக் என்று ஒரு சத்தம். ஒன்றாம் வகுப்பிலிருந்து "துணி தொவைக்கிறாங்க!" என்றார்கள். "ஆத்துல எருமை!" என்றான் ஒருவன். எங்கள் ஊரில் ஏது ஆறு? மோர் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். திடீரென்று சொம்பைத் தூக்கினாள்.

"ஏய், இது என் மோரு கடையிற மத்துடி! எப்படி புடிச்ச?"

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அடுத்தது டமடமவென்று தகரத்தில் ஏதோ ஓடுகிற சத்தம். இதற்கு யோசிக்கவே வேண்டாம். ஐந்து வகுப்பும் ஒரே குரலில் "கொரங்கு!" என்றது. நான் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது சத்தம் வித்தியாசமாக இருந்தது. முதலில் ஏதோ இழுபடுவது போல. அப்புறம் ஒரு விசில். அப்புறம் ஒரு நிறுத்தம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது கர்ரென்று ஒரு வெடிப்பு.

"டிராக்டர்!"

"பன்னி!"

"போர் மோட்டார்ல காத்து ஏறுது!" என்றார் ஆட்டோக்காரர்.

"அம்மி அரைக்கிறாங்க" என்றார் குச்சி ஐஸ் பிசுபிசுப்போடு நின்ற கிரிவல அம்மாள்.

எனக்கும் பிடிபடவில்லை. பழைய ஆம்ப்ளிஃபயரில் எர்த் சரியில்லாவிட்டால் இப்படித்தான் வரும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து என் மனைவி ஆழாக்கை ஆட்டிக்கொண்டு கத்தினாள்.

"அது எங்க வூட்டுக்காரரு! தூங்கறாரு!"

பிள்ளைகளே, அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது பெரிய டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. திரும்பினபோது முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டுதான் திரும்பினார். சாவியைக் கைப்பைக்குள் போட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை என்ன சத்தம்?" என்று என் மகளைக் கேட்டார்.

அவள் அங்கேயே போனில் தேட ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாக்கள் கடைக்குத் திரும்பும்போது, இனிமேல் வெள்ளிக்கிழமை ஹாரனைப் போடுங்கள், நாங்களும் கேட்கிறோம் என்றார்கள். பெரிய டீச்சர் அதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. கேட்க வேண்டுமானால் வந்து வராந்தாவில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"மைக் செட்காரரே, வயரை நல்லா கட்டிக் குடுங்க. குரங்கு எட்டாத மாதிரி. மாடியில கட்டின கொழாயைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

"சரிங்க டீச்சர்."

"நிகழ்ச்சி நடக்கிறப்ப நீங்க கேட்டுக்கு வெளியில உக்காருங்க. யாராவது நெஜமா தொலைஞ்சா கூப்பிடறோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை வயரைப் பைப்புக்குள் விட்டு ஒழுங்காகக் கட்டிக் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே என் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது. உள்ளே யாரோ பேசுகிற முணுமுணுப்பு மட்டும் வந்தது. என் மகளின் குரல்தான் என்று தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்று தெரியவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில், சவுண்டு பத்தவில்லை என்று நான் தவித்தது அன்றுதான். காதைக் கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தேன். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

திடீரென்று ஐந்து வகுப்பும் ஒன்றாகச் சிரித்தது. அப்புறம் மறுபடியும் சிரித்தது. என்னவாக இருக்கும்? மறுபடியும் நானாக இருக்குமோ?

சாயங்காலம் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது கேட்டேன்.

"இன்னாம்மா, அப்டிச் சிரிச்சீங்க? இன்னா சத்தம் போட்ட?"

"சொன்னா புரியாதுப்பா. கேட்டாத்தான் புரியும்."

"வீட்டுல போட்டுக் காட்டேன்."

"அது கிளாசுக்குப் பண்ணதுப்பா" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, பின்னால் இருந்து என் முதுகைத் தட்டினாள். "நீ பேசாம இருக்கறதுன்னா, டீச்சர்கிட்ட கேட்டு உன்னை வராந்தாவுல உக்கார வெக்கிறேன். மோர் அத்தை பக்கத்துல."

பேசாமல் இருக்கிறேன் என்று அங்கேயே சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.